கரித்த தண்ணீருக்குக் கையெழுத்திடாதவர்

வியாழக்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மண்டபம் ஊருக்குப் பக்கத்தில் மீன்பிடிப் படகுகள் அணைவதற்கான தளம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். கடலுக்குள் தூணுக்குத் துளை போடும் இயந்திரத்தின் அருகில் நின்றிருந்தேன். அந்த இரைச்சலில் கைபேசி அடித்தது கேட்கவில்லை. மூன்றாவது முறை சட்டைப்பையில் அதிர்ந்தபோதுதான் எடுத்தேன். தொண்டியிலிருந்து இஸ்மாயில் பாய், ரஹ்மத் நிஷா மேடத்தின் கணவர்.

"கருப்பையா சார், நிஷா போயிட்டா" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் சொன்னார். "மௌத்தாயிட்டா சார். சாயங்காலம் அஸர் தொழுகைக்கப்புறம் அடக்கம்."

இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். ரஹ்மத் நிஷா மேடம் காலமாகிவிட்டார் என்றேன். அங்கிருந்தவர்களில் அவரை நேரில் அறிந்தவர்கள் நான்கைந்து பேர்தான். ஆனால் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "தண்ணி மேடமா?" என்று கேட்டார் கிரேன் ஓட்டுபவர். ஆமாம், அவர்தான் என்றேன். அவர் இறங்கி வந்து தலைக்கவசத்தைக் கழற்றினார்.

தொண்டிக்குப் போகும் வழியில் எங்கள் நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பூங்கொத்துப் படம். அதன் கீழே, எங்கள் குடும்பத்தின் முன்னாள் உறுப்பினர் மறைவுக்கு ஆழ்ந்த இரங்கல் என்று ஒரு வரி. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பதில் எழுதினேன். "குடும்பம் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அவரை வேலையை விட்டுப் போக வைத்தவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது." இரண்டு நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அங்கே எழுத முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும்.

எங்கள் நிறுவனம் பெரியது. மலையைக் குடைந்து ரயில் விட்டிருக்கிறது. கடலைத் தூர்த்துத் துறைமுகம் கட்டியிருக்கிறது. விமான நிலையங்கள், அணைகள், மேம்பாலங்கள் என்று சாதனைகளைப் பட்டியலிட்டு வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் அச்சிட்டிருக்கிறார்கள். அதில் வலசைமேடு புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஒரு முழுப்பக்கம் உண்டு. மாலை வெளிச்சத்தில், கடல் பின்னால் இருக்க, தூண்களின் மேல் நிற்கும் வெள்ளைக் கட்டடம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்தத் தூண்களில் பன்னிரண்டு, இரண்டாம் முறை எழுப்பப்பட்டவை. அதைப் புத்தகம் சொல்லாது. நான் சொல்கிறேன். சொல்வதற்கு எனக்குக் கடமையும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. முதல் முறை அந்தப் பன்னிரண்டையும் எழுப்பியவன் நான்.

ரஹ்மத் நிஷா தொண்டிக்காரர். அவருடைய அத்தா வளைகுடாவில் கட்டட வேலை பார்த்தவர். விடுமுறையில் வரும்போது பத்திரிகையில் வரும் பெரிய கட்டடங்களின் படத்தைக் காட்டி, இதில் நானும் சிமெண்ட் சுமந்தேன் என்பாராம். "எத்தனாவது மாடின்னு கரெக்டாச் சொல்வாங்க. கட்டடத்துப் பேரு அவங்களுக்கு வாயில நுழையாது" என்று நிஷா மேடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அந்த மகள் காரைக்குடியில் பொறியியல் படித்தார். எங்கள் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தார். வடக்கே மலைச் சுரங்கப் பாதையில் மூன்று குளிர்காலம். மேற்குக் கடற்கரையில் ஒரு துறைமுகம். பிறகு நகரத்து மெட்ரோ. திருமணமாகி, ஒரு மகளும் பிறந்தபின் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்டு வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டி இருக்கும். எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

தொண்டிக்குத் தெற்கே ஒரு கழிமுகத்தின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். கட்டுவது என் பொறுப்பு. கட்டியது சரியா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. கொள்கலன் பெட்டி ஒன்றில்தான் அவருடைய ஆய்வுக்கூடம். வந்த இரண்டாம் நாளே கான்கிரீட் லாரியைத் திருப்பி அனுப்பினார்.

அது சித்திரை மாதம். கலவை ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வெயிலில் வந்திருந்தது. இறுகிவிடுமோ என்று பயந்து ஓட்டுநர் வழியில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மேடம் கலவையை இரும்புக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கினார். நிற்க வேண்டிய கலவை பொலபொலவென்று சரிந்து தட்டு முழுவதும் பரவியது.

"இந்த வண்டி திரும்பிப் போகட்டும்" என்றார்.

"மேடம், ஒன்றரை மணி நேரமா இந்த வெயில்ல வாரேன்" என்றார் ஓட்டுநர்.

"வெயில் உங்க தப்பில்லை. தண்ணி ஊத்துனது உங்க தப்பு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேலே நாற்பது பேர் கலவைக்காகக் காத்திருக்கிறார்கள். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் ஊரில் மடை திறந்துவிட்டால் தண்ணீரை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வந்ததைப் பாய்ச்சிக்கொள்வோம். அந்தப் புத்தியிலேயே கத்தினேன். "ஒரு வண்டிக்கு இவ்வளவா? பாலம் என்ன விழுந்துருமா மேடம்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. "விழாது சார். இந்த ஒரு வண்டியால விழாது. ஆனா அடுத்த வண்டிக்காரரு நாளைக்கு ரெண்டு குடம் ஊத்துவாரு" என்றார்.

லாரி போய்விட்டது. நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அந்த ஒரு வாரமும் காலையில் என்னைப் பார்த்ததும் "நல்லாருக்கீங்களா சார்" என்று கேட்டுக்கொண்டுதான் போனார். எட்டாம் நாள் நானே தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அவர் கொள்கை வேறு, குணம் வேறு என்று எனக்குப் புரிய அவ்வளவு நாள் ஆயிற்று. கட்டிய பாலத்தை அவர் மறுத்தாலும் கட்டிய ஆளை மறுத்ததில்லை. வேலையிடத்தில் யாருக்குக் காயம் பட்டாலும் முதலில் ஓடி வருவது அவர். ஒடிசாவிலிருந்து வந்திருந்த கம்பி கட்டும் தொழிலாளர்களுக்கு நோன்புப் பெருநாள் அன்று பிரியாணி அவருடைய வீட்டிலிருந்து அண்டாவில் வரும்.

பாலம் முடிந்தது. அடுத்தது வலசைமேடு.

மண்டபத்துக்கு மேற்கே, கடலை ஒட்டிய ஊர் அது. ஆண்கள் மீன்பிடிக்கப் போவார்கள். பெண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலுக்குள் முங்கிப் பாசி எடுப்பார்கள். புயல் என்றால் அந்த ஊருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. அதனால் தூண்களின் மேல் உயரத்தில் ஒரு பாதுகாப்பு மையம். சாதாரண நாளில் அங்கேயே பள்ளிக்கூடம் நடக்கும். எங்கள் நிறுவனத்துக்கு அது சின்ன வேலை. ஆனால் பெரியவர்கள் வந்து திறப்பதாக நாள் குறித்துவிட்டார்கள். நாள் குறித்துவிட்டால் சின்ன வேலையும் பெரிய வேலையாகிவிடும்.

அந்தக் கரையில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே இருக்கும் கம்பியை உப்பு அரிக்கும். சில ஆண்டுகளில் துரு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். அதனால் உள்நாட்டுக் கிணறு ஒன்றிலிருந்து நல்ல தண்ணீர் டேங்கரில் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு டேங்கரையும் மேடம் சோதித்து, பதிவேட்டில் எழுதி, கையெழுத்திடுவார்.

அந்த நேரத்தில் அவருடைய அத்தா இறந்தார். மேடம் நான்கு நாள் விடுப்பில் போனார்.

இரண்டாம் நாள் டேங்கர் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. ஒப்பந்தக்காரர் வேறொரு டேங்கரை அனுப்பினார். எங்கிருந்து தண்ணீர் என்று கேட்டேன். "நல்ல தண்ணிதான் சார்" என்றார் ஓட்டுநர். டயரில் கடற்கரை மணல் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

திட்ட மேலாளரிடமிருந்து காலையிலிருந்து நான்கு முறை அழைப்பு வந்திருந்தது. தூண் எப்போது முடியும், தளம் எப்போது, திறப்பு விழாவுக்கு எத்தனை நாள் இருக்கிறது தெரியுமா என்று. நான் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஊத்துங்க" என்றேன். இரண்டு நாளில் பன்னிரண்டு தூண்கள் எழும்பின.

மேடம் திரும்பி வந்தார். அழுது வீங்கிய கண்கள். நேராகப் பதிவேட்டைத்தான் எடுத்தார். கான்கிரீட் போட்ட இரண்டு நாளுக்கான பக்கம் காலியாக இருந்தது.

"கருப்பையா சார், தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"வழக்கமான எடந்தான் மேடம்."

அத்தாவை அடக்கம் செய்துவிட்டு வந்த பெண்ணிடம் நான் சொன்ன பொய் அது. அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேலையிடத்து மூலையில் இருந்த பீப்பாயிலிருந்து, அந்த டேங்கர் தண்ணீரில் மிச்சமிருந்ததை ஒரு குடுவையில் எடுத்துக்கொண்டு கொள்கலனுக்குள் போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். உப்பு எவ்வளவு என்று பார்க்க, மஞ்சள் நிறம் ஏற்றிய தண்ணீரில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். செங்கல் நிறம் வந்ததும் நிறுத்துவார்கள். நல்ல தண்ணீர் என்றால் சீக்கிரம் சிவக்கும். அன்றைக்குக் குழாயில் இருந்த மருந்து தீர்ந்து, மறுபடி நிரப்பியும் மஞ்சள் மாறவில்லை.

திட்ட மேலாளர் கூட்டம் போட்டார். அவரை வில்லனாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று எல்லோருக்கும் தொலைபேசி வந்துகொண்டிருந்தது. "தூணுக்கு மேல பூச்சு பூசிரலாம். அதுக்குன்னு பெயிண்ட் இருக்கு. இருபது வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார்.

"இருபத்தொண்ணாவது வருஷம் புயல் வந்தா சார்?"

"அப்ப நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

"அதைத்தான் சார் சொல்றேன். நம்ம இருக்க மாட்டோம். அவங்க உள்ள இருப்பாங்க."

பன்னிரண்டு தூண்களையும் இடிக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். மாலைக்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வடகிழக்கு எல்லையில் ஒரு சாலை வேலை, திங்கட்கிழமை சேர வேண்டும். பதிவேட்டின் காலிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார்கள். தண்ணீர் சோதிக்கப்பட்டது, சரியாக இருந்தது என்று எழுதி நான் கையெழுத்திட வேண்டும்.

இட்டேன். மகனுக்குக் கல்லூரி, வீட்டுக்குக் கடன் என்று அன்று எனக்கு நானே ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். இன்று ஒன்றையும் சொல்லப் போவதில்லை. பயந்தேன், இட்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மேல்தளத்துக்குக் கான்கிரீட் போடும் ஏற்பாடு. தளம் பெரியது என்பதால் அதற்கு மட்டும் வெளியிலிருந்து கலவை வரவழைத்திருந்தோம். ஏழரை மணிக்கு அந்த லாரிகளோடு போனேன். தூணடியில் கூட்டம். கடலிலிருந்து திரும்பிய பெண்கள், ஈரச் சேலையும் பாசிச் சாக்குமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் நிஷா மேடம். பர்தாவின் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, உளியும் சுத்தியலும் வைத்து ஒரு தூணின் அடியை அவரே கொத்திக்கொண்டிருந்தார். கொத்திய இடத்தில் மருந்தைத் தெளித்தார். சாம்பல் நிறக் கான்கிரீட் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் தெளித்ததுபோல் வெளுத்தது. பக்கத்தில் அவர் முன்பு சோதித்துக் கட்டிய தூண் ஒன்றிலும் அதேபோல் கொத்தித் தெளித்தார். அது பழுப்பாகியது.

"இதென்னம்மா வெள்ளையாப் போகுது?" என்று கேட்டார் நாகவள்ளி. பாசி எடுக்கும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி மாதிரி.

"உப்பு. இந்தத் தூணுக்குள்ள உப்பு இருக்கு. கம்பியைத் தின்னுரும்."

"எங்களுக்குத்தான் கடல் நிறைய உப்பு இருக்கே. தூணுக்குள்ள எதுக்கு?" என்றார் நாகவள்ளி.

அவர்கள் சாக்குகளைப் போட்டு அப்படியே தூண்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். மேலே பலகை அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட்டுக்கு எல்லாம் தயாராக இருந்தது. கீழே ஆள் இருக்கும்போது கான்கிரீட் போட முடியாது. லாரிகள் சுற்றிக்கொண்டே நின்றன. திட்ட மேலாளர் வந்தார். அந்தப் பெண்களை எழுப்பி அனுப்பச் சொல்லி என்னிடம் சொன்னார். நான் அவர்கள் அருகில் போனேன். நிஷா மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. உளியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட, நான் அதை எதிர்த்துக்கொண்டு அவர்களை எழுப்பியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

நாகவள்ளிதான் கேட்டார். "சார், நீங்கதான கட்டுனீக? நீங்க சொல்லுங்க. எந்திரிச்சுப் போறோம். நல்ல தண்ணிதானா?"

எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பின்னால் திட்ட மேலாளர் நின்றார். எனக்கு நாக்கில் அந்தக் கரிப்பு திரும்பி வந்தது.

"இல்லம்மா. கரிச்சுச்சு. நான் நாக்குல வச்சுப் பார்த்தேன். தெரிஞ்சுதான் ஊத்தச் சொன்னேன். நேத்துப் போட்ட கையெழுத்தும் பொய்."

நிஷா மேடம் அப்போதுதான் நிமிர்ந்தார். லாரிகளைப் பார்த்து, "எல்லாத்தையும் திருப்பி அனுப்புங்க சார். வெயில் ஏறுது" என்றார். அவ்வளவுதான். என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை, பாராட்டவும் இல்லை. வேலை சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது.

சென்னையிலிருந்து ஒரு மூத்த பொறியாளர் வந்தார். மறுபடி சோதித்தார்கள். பன்னிரண்டும் இடிபட்டன. இடிக்கும் இயந்திரத்தின் முதல் அடி விழுந்தபோது ஊரே கரையில் நின்று பார்த்தது. திறப்பு விழா தள்ளிப்போயிற்று. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பழையபடி உள்நாட்டுக் கிணற்றிலிருந்தே டேங்கர் வந்தது. ஒவ்வொரு டேங்கரையும் நாகவள்ளியும் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகுதான் கலவை இயந்திரத்துக்குப் போகவிட்டார்கள்.

எனக்குக் குறிப்பாணை கிடைத்தது. பதவி உயர்வு அதோடு நின்றது. மேடத்தின் மாற்றல் உத்தரவு மட்டும் ரத்தாகவில்லை. அனுமதியின்றித் தூணைச் சேதப்படுத்தியது, வெளியாட்களிடம் நிறுவன விஷயத்தைச் சொன்னது என்று இரண்டு குற்றம் வேறு. போய்விடுங்கள் மேடம், ஒரு வருடத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று நானே சொன்னேன்.

"வேலைன்னு கூப்பிட்டா எங்க வேணாலும் போவேன் சார். சுரங்கத்துல மூணு வருஷம் பனியில கிடந்தவ நான். தண்டனைன்னு அனுப்புனா தொண்டியத் தாண்ட மாட்டேன்" என்றார். ராஜினாமாக் கடிதத்தில் காரணம் என்ற இடத்தில் அவர் எழுதியது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "நான் செய்தது சரி. நீங்கள் செய்ததும் கடைசியில் சரி. ஆனால் அதற்கு என்னைத் தண்டிப்பது தவறு."

திறப்பு விழாவுக்கு அவருக்கு அழைப்பில்லை. ஆனாலும் வந்தார். தொண்டியிலிருந்து பேருந்தில் வந்து, பாசிப் பெண்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். மேடையில் எங்கள் நிறுவனத்தின் பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். தரத்தில் நாங்கள் ஒருபோதும் சமரசம் செய்துகொண்டதில்லை என்றார். முதலில் கை தட்டியது நிஷா மேடம். பலமாக, விடாமல் தட்டினார். பக்கத்தில் இருந்த பெண்கள் புரிந்துகொண்டு அவர்களும் தட்டினார்கள். கைதட்டல் நிற்கவே இல்லை. அந்த அதிகாரி மகிழ்ந்து இரண்டு முறை கும்பிட்டார். நான் மேடைக்குப் பின்னால் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு தொண்டிக் கடைவீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். தண்ணீர், மணல், செங்கல், கான்கிரீட் கட்டி எதுவானாலும் சோதித்துச் சொல்வார். யார் வருவார்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. வளைகுடாவில் இருந்துகொண்டு ஊரில் வீடு கட்டுகிறவர்களின் குடும்பங்கள் முதலில் வந்தன. மனைவிமார் குடிநீர்ப் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு படியேறினார்கள். திருவாடானையிலிருந்தும் தேவிபட்டினத்திலிருந்தும் வந்தார்கள். அவருடைய அறிக்கையின் கடைசியில் வழக்கமான ஆங்கிலத்துக்குக் கீழே தமிழில் ஒரு வரி இருக்கும். "இந்தத் தண்ணீரில் வீடு கட்டலாம்" அல்லது "கட்டக் கூடாது". நடுவில் எதுவும் எழுத மாட்டார்.

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கம்மா" என்று கொத்தனார்கள் கெஞ்சுவார்கள்.

"தண்ணிதான் சொல்லுது. நான் என்ன சொல்ல?" என்பார்.

பின்னாளில் எங்கள் நிறுவனத்தின் துணை ஒப்பந்தக்காரர்களே அந்தப் படியேற வேண்டியதாயிற்று. பக்கத்தில் வேறு நம்பகமான கூடம் இல்லை. முதல் மாதிரியைப் பார்த்து மேடம் எழுதியது "கூடாது". எனக்கு போன் செய்து அரை மணி நேரம் சிரித்தார்.

மூன்றாண்டுக்கு முன் ஐப்பசியில் ஒரு புயல் அடித்தது. இரண்டு நாள் வலசைமேடு மொத்தமும் அந்தக் கட்டடத்தில் இருந்தது. நானும் அங்கே போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் போனேன். காற்று கடலைத் தூக்கிக் கீழ்த்தளத்துக்குள் வீசியது. தூண்களுக்கிடையே அலை புகுந்து வெளியேறியது. மாடியில் குழந்தைகள் கத்திக்கொண்டு ஓடி விளையாடின. இரண்டாம் நாள் மதியம் தண்ணீர் வடிந்தபோது கைபேசியில் சிக்னல் வந்தது. முதல் அழைப்பு தொண்டியிலிருந்து.

"கருப்பையா சார், தூணெல்லாம் எப்படி இருக்கு?"

பக்கத்திலிருந்த நாகவள்ளி கைபேசியைப் பிடுங்கிக்கொண்டார். "ரகுமத்தம்மா! நீங்க இடிச்சு மறுபடி கட்டவச்ச தூணுல கயிறு கட்டி என் மக துணி காயப் போட்டிருக்கா. வந்து எடுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்று கத்தினார்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை கேட்டது. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தில் அவர் அழுததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

போன ஆண்டு நோய் வந்தது. மதுரையில் மருத்துவர் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு இஸ்மாயில் பாயிடம் மட்டும் பேசியிருக்கிறார். மேடம் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். "டாக்டர், ரிப்போர்ட்ட என் கையில கொடுங்க. வாழ்நாள் பூரா ரிப்போர்ட் எழுதி அடுத்தவங்க கையில கொடுத்தவ நான். மோசமான ரிப்போர்ட்டும் கொடுத்திருக்கேன். படிக்கத் தெரியும்." படித்தார். இரண்டு கேள்வி கேட்டார். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, பேருந்து நிலையத்தில் கணவருக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தார். இதை என்னிடம் சொன்னவர் இஸ்மாயில் பாய்.

சிகிச்சையின்போது முடியெல்லாம் போனது. ஆய்வுக்கூடத்தை ஒரு நாள்கூட மூடவில்லை. கடைசியாக நான் பார்த்தது இரண்டு மாதத்துக்கு முன். நாற்காலியில் உட்கார்ந்து கட்டளையிட்டுக்கொண்டிருந்தார். மகள் சபுரா அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். உம்மாவை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் அங்கிள் என்று என்னிடம் முறையிட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மேடம் என்னைப் பார்த்து, "நீங்க அவ கட்சியா, என் கட்சியா?" என்றார். உங்கள் கட்சிதான் மேடம் என்றேன். "பார்த்தியா, இவரு ஒரு தடவை மாறுனவரு. இனி மாற மாட்டாரு" என்றார் மகளிடம். எனக்குக் கிடைத்த பதவி உயர்வு அதுதான்.

வியாழன் மாலை தொண்டியில் சந்தூக்குப் பெட்டியில் அவரை வைத்து, அடக்கம் செய்யும் மையவாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தோள் கொடுக்க என்னையும் அழைத்தார் இஸ்மாயில் பாய். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து போக வேண்டும். சாலையோரத்தில் நாகவள்ளியும் ஊர்ப் பெண்களும் நின்றிருந்தார்கள். வலசைமேட்டிலிருந்து சரக்கு ஆட்டோவில் வந்திருக்கிறார்கள். செய்தி கிடைத்தபோது கடலில் இருந்தவர்கள் அப்படியே கரையேறிப் புறப்பட்டிருக்கிறார்கள் போலும். சிலரின் கழுத்தில் முங்கும் கண்ணாடி இன்னும் தொங்கியது. மையவாடிக்குள் பெண்கள் வருவதில்லை என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். சரி என்று சாலையில் நின்றுகொண்டார்கள்.

நாங்கள் சாலையை நெருங்கியபோது ராமநாதபுரம் போகும் பேருந்து ஒன்று வேகமாக வந்து ஒலியெழுப்பியது. அதற்கு வழிவிடுவதற்காக முன்னால் இருந்தவர்கள் தயங்கி நின்றார்கள். நாகவள்ளி சாலையின் நடுவில் போய் நின்றார். மற்ற பெண்களும் வந்து வரிசையாக நின்றார்கள்.

நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு, "ஏம்மா, நகருங்கம்மா, டைம் ஆச்சு" என்றார்.

"ஆகட்டும்யா. எங்க அம்மா போகட்டும், அப்புறம் நீ போ" என்றார் நாகவள்ளி.

ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார். இருக்கையிலிருந்து எழுந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே நின்றார். பேருந்துக்குள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாருக்காக என்று அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. அந்த நெடுஞ்சாலையை, எங்கள் தோள்களில், யாருக்கும் ஒதுங்காமல், நடுவாகக் கடந்து போனார் அவர்.

நேராகவே போய் வாருங்கள், ரஹ்மத் நிஷா.